காய்ந்த புல்லுக்கு ஒன்பது புள்ளி

என் அன்புக்கும் வாய்ச்சண்டைக்கும் உரிய அக்கா,

அயர்லாந்துக்குப் போய் விளையாடிவிட்டு வந்துவிட்டேன். உன் ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது, தெரியும். ரெனானிலிருந்து சித்தி போன் எடுத்தா.

"திவசம் முடியமுன்னம் என்ன விளையாட்டடி உனக்கு? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் சித்தி. ரெண்டு பேருக்கும் சேர்த்து புக் பண்ணினது அக்கா. அவவைத்தான் கேளுங்கோ."

போனை வைத்துவிட்டா. எனக்கு வாய் கூடித்தான் போய்விட்டது. நீ இருக்கும்வரை சண்டையில் பாதியை நீ பார்த்துக்கொண்டாய், இப்போது முழுவதையும் நானே பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பச்சை ஃபைலால் வந்த வினைதானே எல்லாம்? சுவிஸில் கூர் நகரத்தில் நம் இரண்டு பேருக்கும் வேலை தந்த கோல்ஃப் கிளப்பின் விருந்தினர் அறையில் இருக்குமே, அதுதான். உறுப்பினர்கள் வெளிநாட்டில் கோல்ஃப் விளையாடிவிட்டு வந்து, ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு பக்கம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு வைப்பார்கள். சமையலறை வேலை முடிந்து, மேசை துடைக்கிற சாட்டில் நீ அதை முழுக்க வாசித்தாய். அயர்லாந்தின் கடலோர மணல்மேடுகளில், மரமே இல்லாத 'லிங்ஸ்' மைதானங்கள் என்றால் உனக்குப் பைத்தியம். எது நல்லது என்று உறுப்பினரான அந்தச் சிவப்புத் தொப்பிக்காரரிடம் ஒருநாள் கேட்டாய். "அதன் பெறுமதி எல்லாருக்கும் விளங்காது" என்றார், நீ வைத்த சூப்பைக் குடித்துக்கொண்டே.

அன்றைக்கே புக் பண்ணினாய். பேர்பெற்ற பெரிய மைதானம் ஒன்று, ஒருத்தருக்கும் தெரியாத ஒன்பது குழிச் சின்ன மைதானம் ஒன்று. "மைதானத்தை வேலையாட்களுக்கு விட்ட திங்கட்கிழமை பின்னேரத்திலதான் விளையாடப் பழகினம். ஆனா மைதானத்தில இறங்கி விளையாட அனுமதி தாற பிளாட்ஸ்ரைஃபே சோதனை எங்களுக்கும் பாஸ்தானே? நாங்களும் புள்ளி போடுவம்" என்றாய். போகமுன்னமே தீர்ப்பும் சொல்லிவிட்டாய்: பெரியது வெறும் பம்மாத்து, சின்னதுதான் திறம். சிவப்புத் தொப்பிக்காரரே பெரியதுக்கு ஐந்துதான் போட்டிருந்தார். 'புல் காய்ந்து கிடந்தது, பராமரிப்பு இல்லை' என்று காரணமும் எழுதியிருந்தார். பிறகு ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

பெரிய மைதானத்தின் வாசலில் நின்ற கிழவர் பட்டியலைப் பார்த்து, மற்றவர் எங்கே என்று கேட்டார். அவ வரமாட்டா, அவவின் பந்து வரும் என்றேன். என்னை ஒருக்காப் பார்த்தார். "பின்னால் வருகிறவர்களை மறிக்காமல் விளையாடு" என்று மட்டும் சொன்னார். இரண்டு பந்து வைத்தேன். என் பந்துக்கு என் மட்டை, உன் பந்துக்கு உன்னுடையது.

உள்ளே காலை வைத்ததும் எனக்குத் திடுக்கிட்டது. தரை முழுக்க மண்ணிறம். பதினான்கு வருஷமாகப் புல் வெட்டுகிறவள் நான், நம் கிளப்பில் ஒரு கையளவு காய்ந்தாலும் எனக்குத்தானே பேச்சு விழும்? முட்டுக்கால் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதோ என்று அந்தக் கிழவரிடமே போய்க் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தரையில் போட்டுக் காட்டினார். அது துள்ளி உருண்டு போய்க்கொண்டே இருந்தது. கீழே மணல், மேலே மெல்லிய புல். தண்ணீர் ஊற்றினால் பந்து ஓடாது என்றார்.

அக்கா, நானும் அந்தச் சிவப்புத் தொப்பி மனுசனைப் போல ஐந்து போட இருந்தவள்தான். ஆனால் நான் கேட்டேன். அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பந்தை மேலே தூக்கி அடிப்பதை விட்டேன். காற்றுக்குக் கீழே தாழ்வாக அடித்தால் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிப் பந்து தானாகப் போகிறது. பதினான்காவது குழியில் உன் பந்து கோணலாகப் போய்ப் பற்றைக்குள் விழுந்தது. உன் ஏழாம் நம்பர் மட்டையால் மெல்லத் தட்டினேன். முப்பது அடி உருண்டு கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் அழுதேன். கடற்காற்று கண்ணில் பட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

உன் சின்ன மைதானத்துக்கும் போனேன். கடல் வடிவு, ஆட்கள் அன்பு, தேத்தண்ணி சூடு. ஆனால் நேராக அடித்த பந்தும் கோணலாக அடித்த பந்தும் உருண்டு ஒரே பள்ளத்துக்குள்தான் விழுகின்றன. நல்லாய் அடித்தவளுக்கு நியாயம் கிடைக்குதோ, கோணலாய் அடித்தவளுக்கு மானம் மிஞ்சுதோ என்பதுதானே எந்த மைதானத்தைப் பற்றியும் நீ கேட்கிற கேள்வி? சின்னதில் நியாயமே இல்லை. பெரியதில் இரண்டும் இருந்தது. நீ பிழை, அக்கா. செத்துப்போனாய் என்பதற்காக உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வந்ததும் பச்சை ஃபைலில் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். சின்னதுக்கு நாலு, பெரியதுக்கு ஒன்பது. நீ இல்லாததால் ஒன்றைக் குறைத்தேன் என்று நினைக்காதே. பதினோராவது குழியில் பெண்கள் அடித்துத் தொடங்குகிற இடம் ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிறது. அந்த ஒரு புள்ளியை அதற்காகத்தான் வெட்டினேன்.

மூன்றாம் நாள் பக்கத்தைக் காணவில்லை. ஃபைல் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றா மனேஜர். சிவப்புத் தொப்பிக்காரர் முறைப்பாடு செய்தாராம். "புல் காய்ந்தால் இந்தக் கிளப்பில் யாரைக் கூப்பிடுகிறீர்கள்?" என்று டொய்ச் மொழியில் கேட்டேன். அன்று பின்னேரமே திரும்பவும் எழுதி, அவர் எழுதிய பக்கத்துக்கு நேரெதிராகச் செருகினேன். நேற்றுப் பார்த்தேன், இருந்தது. நாளைக்கும் இருக்குமோ?

ஐப்பசியில் உன் திவசத்துக்குச் சித்தி சொல்கிறபடி எல்லாம் செய்வேன், அதில் குறை வைக்க மாட்டேன். இந்தப் பக்கத்தை எத்தனை தரம் எடுத்தாலும் அத்தனை தரம் எழுதி வைப்பேன். அடியில் நம் இரண்டு பேரின் பெயரும் இருக்கும். விளையாடியது இரண்டு பந்து, முதல் பேர் உன்னுடையது.

உன் தீர்ப்பைத் திருத்திய,
உன் தங்கச்சி