விசாரிக்க வந்தவர்கள்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மேற்குக் காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். நாளைக்கு எடுத்து வைக்க: ஃபைல், போர்வை, சின்ன பாட்டிலில் தண்ணீர் (அதற்கு மேல் கூடாது), காப்பீட்டு அட்டை.

இவருக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம். செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். அட்டை இருப்பதால் கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததில்லை. யோசிக்கவும் பயம்.

புரோக்கர் போன். பிரபுவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் இடம். "பொண்ணூட்டுக்காரங்க சொல்லாம கொள்ளாம வந்து தெருவுல விசாரிப்பாங்க. சொல்லி வெச்சுக்குங்க." பையனுக்கு முப்பத்து நாலு ஆகிறது. இந்தப் பக்கம் பெண் கிடைப்பது அவ்வளவு பாடு. தெருவில் மற்ற வீடுகளுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. எதிர்வீட்டு சரசக்காவுக்கு முறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி மறுபடியும் சொல்லிவைத்தேன்.

"இதையெல்லாம் சொல்லோணுமா அம்மணி? நானே பாத்துக்கறேன், போ."

ஜூன் 10, செவ்வாய்

அட்டை வேலை செய்யவில்லை. காப்பீட்டு மேசைப் பெண் மூன்று தடவை நம்பரைத் தட்டினாள்.

"பழைய கார்டெல்லாம் நிறுத்திட்டாங்கக்கா. புது முறை. ஊட்டுக்கு ஆள் வந்து விசாரிச்சு, கஷ்டப்படற குடும்பம்னு எழுதுனாத்தான் திரும்ப ஓப்பன் ஆகும்."

எப்போது வருவார்? தெரியாது. யார் வருவார்? தெரியாது. அதுவரை இவர் ரத்தம் சுத்தம் பண்ணாமல் உட்கார்ந்திருப்பதா? பாவம், அவளிடம் கத்தி என்ன பயன். கத்தினேன்.

டாக்டர் சொல்லி இன்றைக்கு மட்டும் மெஷினில் போட்டார்கள். லிஃப்ட் பக்கத்தில் காப்பீட்டுத் திட்டத்தின் பெரிய போஸ்டர். அப்பா அம்மா பிள்ளைகள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். கிழித்தெறியக் கை பரபரத்தது.

தகுதியில்லாதவர்களைக் களையெடுக்கிறார்களாம். எது களை, எது பயிர் என்று ஒருநாளாவது வந்து பார்த்தார்களா?

ஜூன் 11, புதன்

தாலுகா ஆபீஸ். மனு, ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், போட்டோ இரண்டு. மதியம் வரை நின்றேன். "ஆள் வருவாருங்க." எப்போதுங்க? "வரும்போது வருவாருங்க." இத்தனை மரியாதையாக ஒருத்தரை விரட்ட முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

தேங்காய்க் களத்தில் அரைநாள் கூலி போச்சு. தேங்காய் உடைக்க என் இடத்தில் வேறொருத்தி.

ஜூன் 13, வெள்ளி

டயாலிசிஸ் ஆயிற்று. என் வளையலைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

தூறல். களத்திலிருந்து வருவதற்குள் சரசக்கா நடுரோட்டிலேயே பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்தாங்க அம்மணி! ரெண்டு பேரு, பைக்குல. உங்க ஊட்டப் பத்தி ஒவ்வொண்ணா கேட்டாங்க. நான் உடுவனா? சொந்த ஊடு, தோட்டம் தொரவு, கடன் கிடன் ஒண்ணுமில்ல, பையன் தங்கமான பையன், காரு கூட இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

"காரா? ஏதுங்கக்கா காரு?"

"உன்ர கொழுந்தன் காரு அப்பப்ப வந்து நிக்குதுல்ல? இருக்குதுன்னு சொன்னா என்ன கொறஞ்சு போச்சு? போன்ல எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. பொண்ணூட்டுக்காரங்க ரொம்ப வெவரம்."

தோட்டம் விற்று நாலு வருஷம் ஆகிறது. தெருவுக்கே தெரியும். ஆனால் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் யார் அதைச் சொல்வார்கள்? அவள் மகளுக்காக விசாரிக்க வந்தவர்களிடம் நானும் இப்படித்தான் சொன்னேன். ரவை வறுத்துக் கேசரி கிளறினேன். இவருக்கும் ஒரு ஸ்பூன்.

ஜூன் 17, செவ்வாய்

நிராகரிப்பு.

மேசைப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அக்கம்பக்க விசாரணையில் வசதியான குடும்பம். சொந்த வீடு. விவசாய நிலம். நாலு சக்கர வாகனம். கடன் இல்லை.

வந்தது பொண்ணூட்டுக்காரர்கள் இல்லை.

முறுக்குக் கொடுத்துச் சொல்லிவைத்தது நான். என் வாயால் இவர் உயிருக்கு வேட்டு வைத்தேன். அந்த இரண்டு பேரும் "ஆஸ்பத்திரி கார்டுக்காக வந்திருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லிக் கேட்டால் எல்லோரும் பொய் சொல்வார்களாம், அதனால் சொல்லாமல் கேட்பது. பின்னே, சொல்லாமல் கேட்டால் உண்மையா வந்தது? வீட்டுக்குள் ஒரு எட்டு எடுத்து வைத்துக் கட்டிலில் கிடக்கிறவரின் கையைப் பார்த்திருந்தால் போதுமே. ஊசி குத்திக் குத்தி வீங்கின கை.

மெஷினில் போடவில்லை. திரும்பி வந்தோம். பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். இவர், "நல்லாத்தான சொல்லியிருக்கறா சரசு" என்றார். நிஜமாகவே கொஞ்சம் சந்தோஷப்பட்டார். அடிக்கலாம் போல வந்தது.

ஜூன் 19, வியாழன்

கால் இரண்டும் வீங்கிவிட்டது. காலையில் மூச்சிரைப்பு, படுக்க முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். அவசரத்துக்கு ஒரு தடவை செய்துவிட்டார்கள். தொடர்ந்து செய்ய வரிசை இருக்கிறதாம். பேர் எழுதிக்கொடுத்தாயிற்று. நமக்கு முன்னால் இருக்கிறவர்கள் குறைந்தால்தான் நமக்கு இடம். எப்படிக் குறைவார்கள் என்று நான் கேட்கவில்லை.

சரசக்கா வந்து அழுதாள். "நல்லதுக்குத்தான சொன்னேன் கண்ணு." தெரியும்க்கா.

ஜூன் 20, வெள்ளி

தாலுகா ஆபீசில் மேசையைத் தட்டிப் பேசிவிட்டேன். ஐம்பது பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"தெருவே நீங்க நல்லா இருக்கறீங்கன்னு சொல்லுதுங்க. நான் என்னங்க பண்றது?"

"தெருவா எங்க ஊட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தம் பண்ணப் போகுது?"

கடைசியில் ஆபீசர் மறுவிசாரணைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை.

ஜூன் 22, ஞாயிறு

ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். நாளைக்கு வருகிறவரிடம் எங்களைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கள், ஒன்றையும் மறைக்காதீர்கள் என்று. நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லிப் போன அதே வீடுகள். சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொள்ளாச்சிக்காரர்களும் நாளைக்கே வந்து நின்றால்? பிரபுவிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வந்தா வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே பதிலையே சொல்லச் சொல்லுங்கம்மா. அப்பா இருந்தாப் போதும்."

அதற்கு மேல் சாப்பிடவில்லை, எழுந்து கை கழுவிவிட்டான்.

ஜூன் 23, திங்கள்

பதினோரு மணிக்கு வந்தார். ஒருத்தர்தான். இந்தத் தடவை வாசலில் நிற்க வைத்தே பேச வைத்தேன், தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று.

சரசக்கா: "ஒண்ணுமில்லாத குடும்பமுங்க. தோட்டமெல்லாம் வித்துத் தின்னுபோட்டாங்க."

மளிகைக்கடை அண்ணன்: "பாக்கி குடுக்க முடியாம கடைக்கு வாறதையே உட்டுட்டாங்க. எங்களைப் பாத்தா ஒதுங்கிப் போறாங்க."

கடைசி வீட்டு அம்மா: "அந்தப் பையனுக்கு இனி எவனுங்க பொண்ணு குடுப்பான்?"

அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. தானாக வந்தது.

அவர் போனில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, வீட்டுக்காரர் வாயால் கேட்க வேண்டும் என்றார். இவர் வெளியே வந்தார். சட்டையை மாற்றி, தலை சீவியிருந்தார். எதற்கு இப்போது சட்டை என்று எனக்குக் கோபம். ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே கேட்டிருக்கும்.

"இவங்க சொல்றதெல்லாம் நெசந்தானுங்களா?"

தெருவில் நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். சரசக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெசந்தானுங்க. எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க."

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். தன் மகன் வயசு ஆளை. முப்பத்தாறு வருஷத்தில் இவர் கோயில் தவிர வேறெங்கும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. உயிரோடு இருக்க இதுவும் ஒரு படிவமா? இந்த முறையைக் கண்டுபிடித்தவர் வீட்டு வாசலில் என்றைக்காவது யாராவது போய் இப்படி விசாரித்திருப்பார்களா?

வந்தவரும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பக் கும்பிட்டார். கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் கெஞ்சி இன்னொரு தடவை. இன்று அட்டை ஓப்பன் ஆகிவிட்டது. நாலு மணி நேரம் மெஷின். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. மேசைப் பெண் ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள்.

பொள்ளாச்சி இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். புரோக்கர் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து இவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் சுந்தராபுரம் தாண்டினதும் கேட்டார்.

"ஏன் அம்மணி, அடுத்த வருசமும் வருவாங்களா?"

தாளில் போட்டிருக்கிறது. ஒரு வருஷம்தான், பிறகு மறுபடியும் விசாரணை. மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"இல்லீங்க" என்றேன்.