இடப்பக்கக் குழாயின் தகடு

கொடிகாமம்,
13.03.1993

அன்பு மகன் இராசநாயகத்துக்கு அப்பா சொல்லி எழுதுவிப்பது. அந்தக் குளிருக்குள் நீ காய்ச்சல் தடிமன் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், மற்றதை ஒழுங்காகச் சொல்கிறேன், பதறாமல் கேள். எழுதுகிறவ பக்கத்து வீட்டு மார்கிரட் ரீச்சர். நான் ஒரு இடத்தில் இருந்து சொல்லாமல் முற்றத்துக்கும் கதிரைக்கும் நடக்கிறேன் என்று பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கிறா. என்ன செய்ய, கால் நிற்குதில்லை.

உன் ஹொண்டா மோட்டார் சைக்கிளின் கதைதான். எண்பத்திரண்டு ஆவணியில் நீ அதைக் கொண்டுவந்த அன்று இரண்டு பக்கப் புகைக்குழாயிலும் சூடு மறைக்கிற தகடு மினுங்கியது. இடப்பக்கத் தகடு எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமிக்குப் பயந்து ஓடின ஓட்டத்தில் நாவற்குழிப் பாலத்தடியில் கழன்று விழுந்தது, நின்று எடுக்க நேரமில்லை. பெற்றோல் இருந்தவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இப்போது எல்லாரையும் போல மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறோம், நாலு மைல் போனால் குழாய் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. அம்மா கால் தொங்கப் போட்டு இருப்பதும் அந்தப் பக்கம்தான். போன மாதம் மானிப்பாயில் செத்துப்போன குணலட்சுமி மச்சாளின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வந்தது. முதல்நாள் நான் பிஸ்கற் பெட்டித் தகரத்தை வெட்டி வளைத்துக் குழாயில் ஒட்ட வைத்து, சைக்கிள் ரியூப்பை நாடாவாகக் கிழித்து வரிந்து கட்டினேன். கம்பியால் கட்டுவம் மாமா, ரியூப் சூட்டுக்கு நிற்காது என்று மருமகன் பஞ்சலிங்கம் சொன்னவர். நாற்பது வருடம் வாளிப்பிடியிலிருந்து வண்டில் நுகம் வரைக்கும் ரியூப்பால் கட்டினவன் நான், நீர் பேசாமல் இரும் என்றேன்.

அடுத்தநாள் மருமகன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக, நாவற்குழி தாண்டமுன்னரே ரியூப் உருகித் தகரம் விழுந்துவிட்டது, ஒருவரும் காணவில்லை. சலரோகத்தால், அந்தச் சீனி வருத்தத்தால், அம்மாவின் பாதத்தில் உணர்ச்சி இல்லை என்பது உனக்குத் தெரியும். குதிக்கால் வெறுங்குழாயில் பட்டபடியே மானிப்பாய் மட்டும் போயிருக்கிறா. இறங்கிப் படியேற, அந்த வீட்டு இரத்தினம்மா, ஆரப்பா அந்தியேட்டி வீட்டில் கருவாடு சுடுகிறது என்று கேட்டாவாம், அம்மாவும் சேர்ந்து சிரித்திருக்கிறா. பிறகுதான் செருப்பு உருகிக் காலோடு ஒட்டியிருந்ததைக் கண்டது.

புண் ஆறவில்லை மகன். திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். கறுப்பு மேலே ஏறியிருந்தால் பாதத்தை எடுக்கவேணும், வராமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவோ போகமாட்டாவாம். பஞ்சலிங்கம் குண்டுகுழி பார்க்காமல் ஓடினதால்தான் கால் குழாயில் பட்டது, அவன் பின்னால் இனி ஏறமாட்டேன் என்று நிற்கிறா. மருமகனோடு கதையும் இல்லை. அந்தப் பிள்ளை ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. ரியூப்பால் கட்டினது நான்தான் என்று நானும் சொல்லவில்லை. இன்றோடு பதினெட்டு நாள்.

நேற்றுச் சந்தியில் மெக்கானிக் கிறிஸ்துநாயகத்திடம் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனேன். "அப்பு, உது வேலி இல்லை ரியூப்பாலை வரிய, உது அடுப்பு" என்றான். பழைய லொறியில் கழற்றின இரும்புக் கிளிப் இரண்டு போட்டு, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் வாசர் அடுக்கி, விரல் போகிற இடைவெளி விட்டுப் பூட்டித் தந்தான். நடுவில் காற்று ஓடவேணுமாம். நான் ஒட்டக் கட்டினபடியால் ரியூப் உருகாமல் நின்றிருந்தாலும் தகரம் சுட்டுத்தான் இருக்கும். பிறகு நானே பின்னால் ஏறிச் சாவகச்சேரி மட்டும் போய்வந்து, தகட்டில் கையை வைத்துப் பார்த்தேன். பொறுக்கக்கூடிய சூடுதான்.

தகடு பூட்டியாயிற்று, ஏறத்தான் ஆளில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுக்குத்தான் ரீச்சரைக் கூப்பிட்டேன். எழுதினதை முழுக்கச் சத்தமாக வாசித்துக் காட்டாமல் அவ கடிதம் ஒட்டுவதில்லை. அம்மா அறைக்குள் படுத்திருக்கிறா, கதவு திறந்திருக்கிறது.

இவ்வளவும் வாசித்தாயிற்று. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. பிறகு உள்ளே இருந்து அம்மா, "ரீச்சர், உவர் கட்டுறதெல்லாம் அவிழும் எண்டு எனக்குக் கலியாணம் முடிச்ச வருசமே தெரியும், அதையும் எழுதுங்கோ" என்றா. பஞ்சலிங்கம் கிணற்றடியில் நின்றவர். அவரைக் கூப்பிட்டு, "தம்பி, திங்கக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?" என்று கேட்டா.

இந்தக் கடிதம் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்பு போய் உன் கைக்கு வரும்போது கால் இருக்குமோ இல்லையோ தெரிந்திருக்கும். பிள்ளையார் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பஞ்சலிங்கத்துக்குத் தனியாக நாலு வரி எழுது, மறந்துவிடாதே.

உன் அப்பா,
அருளம்பலம்
(இடது பெருவிரல் அடையாளம்)