அண்ணனுக்குப் போட்ட கோடு

தை 4, திங்கள்

விடிந்தும் பனி விலகவில்லை. பாட்டரியைப் பூந்தமல்லி மோட்டார் ஷெட்டில் சார்ஜுக்குக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை குமணன்சாவடியில் கல்யாணக் கச்சேரி. எடுத்துப் போக: மைக் 1, ஸ்பீக்கர் புனல் 2, ஆம்ப்ளிஃபயர் பெட்டி, உதிரி வால்வு (யுத்தம் வந்தபின் வேறு கிடைப்பதில்லை, பஞ்சு சுற்ற வேண்டும்), சாக்கட்டி.

சாக்கட்டியை மறந்தால் போச்சு. இருப்பது ஒரே மைக். யார் எத்தனை முழம் தள்ளி உட்காருவது என்று மேடையில் கோடு போடுவதுதான் என் உத்தியோகம். பாகவதர் அரை முழம். பிடில் இரண்டு. தபலா மூன்று. ஆர்மோனியம் நான்கு.

ஆர்மோனியம் என் அண்ணன். மைக் வருவதற்கு முன் பாகவதரின் தோளை ஒட்டி உட்கார்ந்தவர். என்னைக் கோஷ்டியில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

தை 8, வெள்ளி

கு.சாவடி. நல்ல கூட்டம். முதல் பாட்டில் புனல் கூவியது. மைக்கைத் திருப்பினேன், அடங்கியது.

இடைவேளையில் பாகவதர் தனியே கூப்பிட்டார். "பொட்டி சத்தம் என் கொரல முழுங்குது. உங்க அண்ணன இன்னும் தள்ளி குந்த வையி."

பொய். அவருக்கு மேல் ஸ்தாயி போய்விட்டது. குரல் எட்டாத இடத்தில் அண்ணன் பெட்டி எட்டுகிறது. புனலில் இரண்டும் ஊருக்கே கேட்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு முழத்தில் கோடு போட்டேன்.

அண்ணன் கோட்டைப் பார்த்தார், பிறகு என்னை. பெட்டியோடு நகர்ந்தார். அங்கே ஜமுக்காளம் எட்டவில்லை, வெறும் பலகை.

சாப்பாடு: வடை ஊசல்.

தை 11, திங்கள்

திருநின்றவூர். சாயங்காலக் கச்சேரி. பாகவதர் இன்று எல்லார் எதிரிலும்: "பொட்டி மேடையிலயே வாணாம். கீழ போட்டுடு."

மேடைக்குக் கீழே மண்ணில் சாக்கட்டி பிடிக்கவில்லை. குச்சியால் கீறினேன்.

மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர்: "இன்னாபா, பொட்டிக்காரரு இப்பவே பந்திக்குக் குந்திட்டாரா?" பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் ஒரு சுரம் தப்பவில்லை. பாகவதர் மேலே போய் உடைந்தார். கீழிருந்து பெட்டி பிடித்துக் கொடுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

தை 12, செவ்வாய்

பனி இல்லை. கச்சேரி இல்லை. புனலுக்கு உள்ளே துடைத்தேன், ஒரு குளவிக்கூடு.

மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பு. அண்ணி வழக்கம்போல இரண்டு மணையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அண்ணன் தன் மணையை எடுத்துக்கொண்டு வாசல் நிலை வரைக்கும் போய்ப் போட்டார்.

"இன்னா, அங்க போய் குந்திகினு கீறீங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"இங்க செரியா கீதாடா? இன்னும் தள்ளணும்னா சொல்லு. நீயே கோடு போட்டுடு."

சட்டைப் பையில் சாக்கட்டி இருந்தது.