காயம்பட்டவர் பேசக் கூடாது

அனுப்புநர்
அ. லூர்துராஜ்,
மாதா கோவில் தெரு,
எலவனாசூர்கோட்டை,
உளுந்தூர்பேட்டை வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: தியாகதுருகம் வெண்குன்றம் அதிகாரி பயிற்சி மையம் கல்வராயன் மலையில் நடத்திய முகாமில் என் மகள் ஷைனியின் கால் முறிந்தது, வரும் 22ஆம் தேதி தொடங்கவுள்ள அடுத்த முகாமை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஷைனி கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ராணுவ அதிகாரியாக வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே அவள் விருப்பம். அதிகாரித் தேர்வுக்கான இறுதிக்கட்டப் பயிற்சிக்கு எந்த மாணவரை அனுப்புவது என்பதை, மேற்படி தனியார் மையம் தரும் மதிப்பெண்ணைப் பார்த்தே கல்லூரி முடிவு செய்கிறது.

2. கடந்த அக்டோபரில் கரியாலூர் அருகே தலைமைப் பண்பு முகாம் நடந்தது. அணியில் ஒவ்வொரு நாளும் ஒருவர் தலைவர். ஷைனியின் முறை வந்த நாளில் பயிற்சியாளர் திரு. தமிழழகன், ஆகாஷ் என்ற மாணவரைத் தலைவராக்கினார். ஷைனியைக் காயம்பட்ட வீரராகப் படுக்கச் சொன்னார். காயம்பட்டவரை மூங்கில் தூக்குப் படுக்கையில் கட்டி, ஓடையைக் கடந்து, மறுகரைச் சுவரைத் தாண்டி, எதிரணி வந்து சேர்வதற்கு முன்பாகக் கொண்டு சேர்ப்பதுதான் பயிற்சி. தன் முறை என்று ஷைனி நினைவூட்டியபோது, "பொண்ணுங்க வெயிட்டு கம்மி, தூக்கறது சுளுவு. படும்மா" என்றிருக்கிறார்.

3. இந்தப் பயிற்சிக்கு ஒரு விதி உண்டு. காயம்பட்டவர் நினைவிழந்தவராகக் கருதப்படுவார். அவர் பேசக் கூடாது. பேசினால் ஒவ்வொரு முறையும் அணிக்கு ஐந்து மதிப்பெண் குறையும்.

4. அதன்பின் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அவளைத் தூக்கிச் சென்ற நால்வரில் மூவரிடம் தனித்தனியே கேட்டேன். மூவர் சொன்னதிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

ஓடையின் நடுவே முன்னால் சென்றவருக்குக் கால் வழுக்கியது. தூக்குப் படுக்கை பாறையில் விழுந்தது. ஷைனியின் வலது கணுக்கால் மூங்கிலுக்கும் பாறைக்கும் இடையில் சிக்கியது. கைகள் உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கால் போய்விட்டது என்று கத்தினாள். திரு. தமிழழகன் கரையிலிருந்து, "இன்னாமா நடிக்குது பாரு. அஞ்சு மார்க் போச்சி" என்றார். அவள் மறுபடி கத்தினாள். மேலும் ஐந்து போனது. எதிரணி சுவரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகாஷ், "ஷைனி, வாய மூடு. ஜெயிச்சிக்கினு இருக்கோம்" என்று சொல்லி, தன் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து அவள் வாயில் திணித்தார்.

பின்னால் தூக்கிய நிஷாத் என்ற மாணவர், "சார், மெய்யாலுமே கால் வீங்கிக்கினு வருது, வந்து பாருங்க" என்றார். அதற்குக் கிடைத்த பதில்: "எதிரி உனக்காக காத்துக்கினு இருப்பானாடா? தூக்கு." தூக்கினார்கள். சுவரின்மேல் அவளைக் கால்பக்கமாக ஏற்றி மறுபக்கம் இறக்கினார்கள். அணி வென்றது.

5. வென்றதும் படம் எடுத்தார்கள். வாயில் இருந்த துணியை நிஷாத் எடுக்கப் போனபோது, "இருக்கட்டும், அதான் ஒரிஜினலா இருக்கு" என்று பயிற்சியாளர் தடுத்தார். அந்தப் படம் மையத்தின் முகநூல் பக்கத்தில் ‘போர்க்களத்தின் நிஜ அனுபவம்’ என்ற தலைப்பில் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஷைனியின் வலது பாதம் பார்க்கவேண்டிய பக்கம் பார்க்கவில்லை என்பதைத் தாங்கள் அந்தப் படத்திலேயே காணலாம்.

6. கட்டுகளை அவிழ்த்ததும், "எழுந்திரு, டிராமா முடிஞ்சிப்போச்சி" என்றிருக்கிறார்கள். எழுந்தாள், விழுந்தாள். அதற்கும் சிரிப்பு. நிஷாத்தான் அவளை முதுகில் சுமந்து சாலைக்குக் கொண்டுவந்து, காய்கறி வேன் ஒன்றை நிறுத்தி ஏற்றினார். அனுமதியின்றி முகாமை விட்டு வெளியேறியதாக அவருக்குப் பூஜ்ஜியம் போட்டிருக்கிறார்கள். ஆகாஷுக்குச் சிறந்த தலைவர் கேடயம் கொடுத்தார்கள். ஆகாஷ்மீது நான் நடவடிக்கை கோரவில்லை. சொல்லிக்கொடுத்ததை அவர் சரியாகச் செய்தார்.

7. கணுக்காலில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. விழுந்த இடத்திலேயே அசையாமல் கட்டியிருந்தால் மாவுக்கட்டோடு போயிருக்கும் என்றும், முறிந்த காலோடு தூக்கித் திரிந்ததில் எலும்பு விலகிவிட்டது என்றும் மருத்துவர் கூறினார். அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்திருக்கிறார்கள். இனி ஓட முடியுமா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

8. மையம் கல்லூரிக்கு அனுப்பிய மதிப்பீட்டில் என் மகளைப் பற்றி உள்ள வரிகள் இவை: "வலி தாங்கும் திறன் இல்லை. இருமுறை விதியை மீறினார். தலைமைக்குத் தகுதியற்றவர்." இதைத் திருத்தக் கேட்டபோது, பயிற்சியில் அடிபடுவது சகஜம் என்றும், மையத்தின் மதிப்பீட்டில் தலையிட முடியாது என்றும் கல்லூரியில் சொன்னார்கள். திரு. தமிழழகனிடம் தொலைபேசியில் பேசினேன். 22ஆம் தேதி முகாமுக்கு வந்தால் மதிப்பெண்ணைச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். கட்டுப் போட்ட காலோடு எப்படி என்று கேட்டேன். "அதுக்கின்னா சார், படுத்துக்கினு இருக்கற வேலைதானே. இப்ப கட்டு வேற இருக்குது, மேக்கப்பே தேவையில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

9. ஆகவே 22ஆம் தேதி முகாமைத் தடுத்து நிறுத்தி, நடந்ததை விசாரிக்கவும், திரு. தமிழழகன்மீது நடவடிக்கை எடுக்கவும், மேற்கண்ட மூன்று வரிகளையும் முகநூல் படத்தையும் நீக்கச் செய்யவும், நிஷாத்தின் மதிப்பெண்ணை அவருக்குத் திருப்பித் தரச் செய்யவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

10. இதில் தாமதம் வேண்டாம் என்று நான் மன்றாடுவதற்குக் காரணம் உண்டு. முகாமுக்குச் செல்லப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தாளில் என் கையெழுத்தைக் கேட்டு மகள் மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறாள். நேற்று காலை ஊன்றுகோலோடு நான் இருந்த இடத்துக்கு வந்து நின்று, "போட்டுக் குடுப்பா, இந்த தபா நான் பேசவே மாட்டேன்" என்றாள்.

தங்கள் உத்தரவு வரும்வரை கையெழுத்திடாமல் இருப்பேன்.

இடம்: எலவனாசூர்கோட்டை
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
அ. லூர்துராஜ்