உப்பில்லாத மூன்று நாள்

ஆகஸ்ட் 6, செவ்வாய்.

மத்தியானம் மீன் குழம்பில் உப்பில்லை. வாயில் வைத்ததுமே தெரிந்தது. ஸ்பூனைத் தூக்கவே முழங்கையை மேசையில் ஊன்ற வேண்டியிருக்கிறது. இதில் உப்பைப் பற்றி வேறு எதற்குப் பேச வேண்டும் என்று தின்று முடித்தேன்.

தட்டை எடுக்க வந்த ஜெபா அங்கேயே நின்றாள். "மூணு நாளாட்டு உங்க பங்குல மட்டும் உப்பு போடாமத்தான் வைக்கேன். ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

அவளைக் கட்டிய புதிதில் உப்பு ஒரு கல் குறைந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன் நான். "பரவாயில்லைண்ணு தோணிச்சு" என்றேன்.

போன மாதம் நான் குளியலறையில் விழுந்தபோதுகூட அழாதவள், அந்தப் பதிலுக்கு அழுதாள். என் தசை தேய்வது பதினொரு வருடத்தில் அவளுக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை போலிருக்கிறது.

ராத்திரி கஞ்சியிலும் உப்பில்லை. உப்பு பாட்டிலை என் பக்கத்திலேயே வைத்திருந்தாள். மூடியைத் திருக என் விரல்களுக்குப் பலமில்லை, கேட்டால்தான் உண்டு. கேட்காமல் குடித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், அவளும் உப்பில்லாமலே குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஜெபா, உப்பு தா" என்றேன்.

எனக்கு அப்போதும் உப்பு வேண்டியிருக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.