தைப்பூசத்தன்று நீங்கள் எடுத்த அழைப்பு

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

பாசம் என்று எழுதும்போதே பேனாவை விசிறி எறியலாம் போல இருக்கிறது. ஆனால் உங்களுக்கு எழுத வேறு எப்படித் தொடங்குவது? இத்தனை வயது வரை அப்பா என்றாலே எனக்குப் பாசம்தான். திடீரென்று வேறு சொல்லுக்கு நான் எங்கே போவேன்?

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள். ஈசூனில் நம் அடுக்குமாடி புளோக்கின் பழைய லிஃப்டை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள். உங்களோடு பஸ் ஓட்டியவர்கள் இன்னும் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். கிளம்பும்போது ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே வசனம்: "மாஸ்டர்ஸ நல்லபடியா முடிச்சிடும்மா, அப்பாவோட கடைசி ஆச அதான்." நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் வரை.

நான் வணிகப் பட்டப்படிப்பை முடித்த நாளிலிருந்து நம் வீட்டில் ஓடிய பேச்சு உங்களுக்கு மறந்திருக்காது. நான் வேலைக்குப் போகிறேன் என்பேன். நீங்கள் மேலே படி என்பீர்கள். "வேல எங்க ஓடிடப்போகுது? மாஸ்டர்ஸ் முடிச்சிட்டுப் போனா நீ மேனேஜர். இப்பப் போனா ஒரு மேனேஜர் உன்ன விரட்டுவான்." அம்மா காய் நறுக்கியபடியே யார் பக்கமும் சேராமல் இருப்பாள். கடைசியில் ஒரு நாள் நீங்களே இறங்கி வந்தீர்கள். "உன் இஷ்டம்மா. நீதான முடிவு பண்ணணும்." எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்! எந்த அப்பா இப்படிச் சொல்வார் என்று தோழிகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஜூரோங்கில் அந்தச் சரக்குக் கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. எந்தக் கப்பலில் எது வருகிறது, எந்தக் கிடங்குக்கு எப்போது போக வேண்டும் என்று திட்டமிடுகிற வேலை. வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடமே அதுதான். கேள்வி கேட்டவர்கள் சிரித்துப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து, "கெடச்சா இந்த வேலதாம்பா, கெடைக்கலன்னா பேசாம நீங்க சொல்ற மாதிரி படிக்கிறேன்" என்றேன். அந்த வாய்தான் எனக்கு எமனாக வந்தது.

வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். விரதம் இருந்தேன். எதற்காக என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இருந்தேன். "முருகன் கைவிட மாட்டாரு" என்று நீங்களும் சொன்னீர்கள். இங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லை. நீங்கள் லீவு போட்டுவிட்டு வந்தீர்கள். சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயிலிலிருந்து நானும் அம்மாவும் மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு புறப்பட்டோம். செருப்பு, தண்ணீர்ப் போத்தல், என் ஃபோன் எல்லாம் உங்கள் தோள்பையில். இரண்டு கையும் குடத்தில் இருக்கிறவளுக்கு ஃபோன் எதற்கு?

ஊருக்கெல்லாம் அது வேலை நாள், கம்பெனிக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அரோகரா சத்தத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

அதற்கப்புறம் வாரக்கணக்கில் காத்திருந்தேன். ஒரு தகவலும் இல்லை. நானே கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், "வேணாம்மா, நாமளா போய்க் கேட்டா மரியாதையா இருக்காது" என்று தடுத்தீர்கள். நேர்முகத்தில் என்ன உளறினேனோ என்று ஒவ்வொரு பதிலாக நினைத்துப் பார்த்து அழுதேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மைலோ கலக்கிக் கொடுத்தீர்கள். "விடும்மா, அவங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றீர்கள். வேறு எங்கும் விண்ணப்பிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேற்படிப்புக்குப் போட்டேன், இடம் கிடைத்தது. இடம் உறுதியான அதே வாரத்தில், பஸ் டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அழுது அழுது என் கண் வீங்கிப் போனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அம்மாவும் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டினார்கள். அந்தக் கம்பெனியில் என்னை நேர்முகம் செய்தவர்களில் ஒருவர், கோமதி.

"மேகலாதான நீங்க? மாஸ்டர்ஸ் எப்படிப் போகுது?"

எனக்குப் புரியவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை, அடுத்த மாதம்தான் என்றேன். இவருக்கு எப்படித் தெரியும்?

"எங்க பாஸுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருந்துச்சு லா. ஆஃபர் சொல்ல நாந்தான் கால் பண்ணேன், தைப்பூசத்தன்னிக்கு. உங்க அப்பாதான் எடுத்தாரு. மகள் மேல படிக்க முடிவு பண்ணிட்டா, வேற ஆளப் பாத்துக்கங்கன்னாரு. இமெயில் ஒண்ணு அனுப்பட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு. என்ன ஒரு தன்மையான பேச்சு! அப்பா நல்லா இருக்காங்களா?"

அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, மீன் கெட்டுடும்." ஐஸ் போட்டுக் கட்டிய மீன் அதற்குள் எப்படிக் கெடும்? அந்த அவசரத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

ரயிலில் உட்கார்ந்ததும் கேட்டேன். "உனக்குத் தெரியுமாம்மா?"

"அன்னைக்கே சொல்லிட்டாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நல்லதுக்குத்தான்டி செஞ்சாரு."

"நான் அழுதப்பகூடச் சொல்லத் தோணலையா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான் அப்பா. வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பத் தெரியாமல் "மேகா, இத எப்படிம்மா" என்று என்னையே கூப்பிடுகிற மனுஷன், வந்த அழைப்பை மட்டும் சுத்தமாக அழித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தீர்களே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்னொன்று இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த அழைப்பு வந்தபோது நாங்கள் பாதி வழியில் இருந்திருப்போம். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டு, நீங்கள் மறுபடியும் என் பக்கத்தில் வந்து நடந்தீர்கள். என் முகத்து வியர்வையைத் துடைத்தீர்கள். தார் ரோட்டில் கால் சுடுகிறதே என்று தண்ணீர் ஊற்றினீர்கள். டேங்க் ரோடு முருகன் சன்னதி வரை "வேல் வேல்" என்று என்னோடு சேர்ந்து சொன்னீர்கள். நான் எதைக் கேட்டுக் குடம் சுமந்தேனோ, அது கிடைத்துவிட்டது என்பதும் தெரியும், அதை நீங்களே திருப்பி அனுப்பிவிட்டதும் தெரியும். தெரிந்தே என்னைச் சாமிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. டிப்போவில் என் வயது மேனேஜர் ஒருவன், படித்த திமிரில், எல்லார் முன்னாலும் உங்களைத் திட்டினான். அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்தீர்கள். என் மகளை ஒருவனும் அப்படிப் பேசக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். சரி. உங்கள் ரோஷத்துக்கு என் வாழ்க்கையா கிடைத்தது?

படிப்பு எனக்குப் பிடிக்காது என்று யார் சொன்னது? பிடிக்கும். ஆனால் இப்போது படிக்கப் போனால் நீங்கள் தள்ளிவிட்டுப் போன மாதிரி. வேலைக்குப் போனால் உங்கள் மேல் உள்ள வீம்புக்குப் போன மாதிரி. எனக்கு நிஜமாக எது வேண்டும் என்று கண்டுபிடிக்கவே நாள் பிடித்தது. சண்டை போடலாமென்றால் நீங்களும் இல்லை. மாலை போட்ட படத்தோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது?

போன வாரம் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அந்த இடத்தை விட்டுவிட்டேன். ஜூரோங் வேலைக்கு எப்போதோ வேறு ஆள் வந்தாயிற்று. அதனால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன். செங்காங்கில் ஒரு கம்பெனிக்கு நேர்முகம் போனேன், கிடைக்கவில்லை. நாளை மறுநாள் இன்னொன்று. பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா குதித்தாள். "அவரு ஆன்மா சாந்தியடையுமாடி?"

"என் ஆன்மா உசுரோட இருக்கும்மா. அத யாரு பாக்குறது?"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னதை நான் திருப்பி வாங்கவில்லை. மறுநாள் காலை, நேர்முகத்துக்குப் போடுகிற என் சட்டையை அவள் இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருந்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் வருஷத் திதிக்கு நானேதான் சமைப்பேன், நானேதான் படைப்பேன். கோபம் தீர்ந்திருந்தாலும் சரி, தீராவிட்டாலும் சரி. ஆனால் தீராமலே தீர்ந்துவிட்டது என்று உங்கள் படத்துக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டேன். நம் வீட்டில் நல்லதுக்காகச் சொன்ன பொய் போதும்.

கடைசியாக ஒன்று. அன்று நீங்கள் என்னை ஓரமாக உட்கார வைத்து, "வேல கெடச்சிருச்சும்மா, ஆனா அப்பாவுக்காக இத விட்டுட்டுப் படி" என்று கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? கத்தியிருப்பேன். சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். அப்புறம் எழுந்து வந்து, சரிப்பா என்று சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேட்கவே இல்லையே அப்பா.

உங்கள் ஒரே மகள்,
மேகலா