பெண்கள் ஜன்னலில் எடுத்த டிக்கெட்

திண்டுக்கல்,
1961 நவம்பர் 12, ஞாயிறு,
காலை மணி ஆறு ஐந்து.

அன்பு மாப்பிள்ளை பெரியகருப்பனுக்கு, உடையப்பன் எழுதுவது.

நீ என் அம்மாவுக்குப் போட்ட கடிதத்தில் என் தங்கச்சி சண்முகவள்ளிமேல் மொத்தம் ஏழு புகார். பென்சிலால் நம்பர் போட்டுவிட்டேன். நாங்கள் நலம், நீயும் ஜபல்பூர் குளிரில் நலமாக இருக்கவேண்டும் என்று எழுதவேண்டிய இடம் இது. எழுதியாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது மணிக்கு நான் மின்சார சப் ஸ்டேஷனில் நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையில்தான் லைனை நிறுத்தி வேலை பார்க்க விடுகிறார்கள். ஆகவே சுற்றி வளைக்க நேரமில்லை. நேரம் இருந்தாலும் எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும்.

முதலில் உன்னுடைய இரண்டாம் நம்பர் புகார். அதுதான் உனக்கு ரத்தம் கொதித்த இடம் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. தியேட்டர் வாசலில் முன்பின் தெரியாத ஆம்பளைகள் வள்ளி கையில் காசு கொடுத்தார்களாம், அவள் சிரித்துச் சிரித்து அவர்களுக்கு டிக்கெட் கொடுத்தாளாம், கண்ணால் பார்த்தவர் சொன்னாராம். பார்த்தவர் யார் என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்துபோன நம்ம ஊர் ஆண்டிச்சாமி.

பட்டாளத்துக்குப் போய் மூன்று வருஷத்தில் திண்டுக்கல் தியேட்டர் எப்படியிருக்கும் என்பது உனக்கு மறந்துவிட்டதா? ஆயுதபூஜைக்கு வந்த புதுப்படம். ஆம்பளை ஜன்னலில் கூட்டம் ரோடு வரை நிற்கிறது, சட்டை கிழிகிறது. பொம்பளை ஜன்னலில் பத்துப் பேர். அங்கே நிற்கிற அக்கா, ஆத்தா, பாப்பா என்று யாரைப் பார்த்தாலும் நம்ம ஊர் ஆம்பளைகள், 'தாயி, எனக்கும் ஒண்ணு சேத்து எடுத்துரு' என்று கெஞ்சுவது இன்று நேற்று வழக்கமில்லை. நீயும் நானும் ஒச்சம்மாள் சித்தியைக் கெஞ்சிக் கெஞ்சி எத்தனை படம் பார்த்தோம்? சித்தியை யாராவது ஏதாவது சொன்னார்களா?

அன்று நான் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரியும். வள்ளியிடம் காசு நீட்டியவர்கள் நாலு பேர். ஒருவர் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன். இரண்டு பேர் மஞ்சள் மூட்டை ஏற்றிவந்த லாரிக்காரர்கள். நாலாவது ஆள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, 'ஏ வள்ளி, தங்கச்சி, எனக்கும் ஒண்ணு எடுத்துரும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்' என்றான். அவன்தான் ஆண்டிச்சாமி. அவள் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மூன்று மணி நேரம் படம் பார்த்துவிட்டு, ரயிலேறி ஜபல்பூர் வந்து உன்னிடம் இதைச் சொல்லியிருக்கிறான். அவனிடம் கேள். இல்லை என்று சொன்னால் என் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணச் சொல்.

அடுத்தது கடைவீதி. கருப்புசாமி கடையில் ரிப்பனுக்கு ஒரு மணி நேரம் நின்று வாயடித்தாளாம். பொய். ஒன்றரை மணி நேரம். என் பொறுமை போய்விட்டது. பச்சையில் ஏழு தினுசு எடுத்துப் போடச்சொன்னாள், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்கினாள். கருப்புசாமி தலையில் கைவைத்து, 'ஏத்தா, ஒன்னய மாதிரி இன்னும் ரெண்டு பேரு வந்தா நான் கடையச் சாத்திட்டு காசிக்குப் போயிருவேன்' என்றார். 'போங்க மாமா, போறதுக்கு முந்தி அந்த ஊதாவையும் காட்டிட்டுப் போங்க' என்றாள் இவள். கடையே சிரித்தது. இதுதான் நடந்தது. இதில் குடும்ப மானம் எந்த இடத்தில் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

ஜமால் முகமது ராவுத்தர் வீட்டு மாடியில் எந்நேரமும் கிடக்கிறாள் என்பது நாலாவது. கிடக்கத்தான் செய்கிறாள். ராவுத்தர் மகள் மெஹராஜ் வள்ளியோடு ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தப் பெண்ணை வீட்டில் படத்துக்கு அனுப்புவதில்லை. அதனால் வள்ளி பார்த்துவிட்டு வந்து, வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, முழுப் படத்தையும் மாடியில் நடத்திக் காட்டுகிறாள். கதாநாயகி, வில்லன், குதிரை எல்லாம் இவளே. மெஹராஜின் அம்மா சைதூன் வத்தல் காயப்போடுகிற சாக்கில் மேலே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போனதடவை வத்தலைக் காக்கா கொத்துவதுகூடத் தெரியாமல் கேட்டுவிட்டு, 'ஏம் புள்ள, அந்த மாமியாக்காரிய அம்புட்டுத் தூரம் சும்மாவா விட்டாங்க?' என்று கண்ணைத் துடைத்தார்களாம். ராவுத்தர் தோல் மண்டியில் எனக்குத் தெரியாத ஆளில்லை. அந்த வீட்டைப் பற்றி இன்னொரு தரம் எழுதாதே.

லைப்ரரிப் புத்தகத்தால் பெண் கெட்டுப்போகிறது என்கிறாய். கடைசிப் பக்கங்கள் கிழிந்த ஒரு நாவலை எடுத்துவந்து, முடிவு தெரியாமல் நாலு தெருவுக்கு அலைந்தாள். அதைப் படித்தவர் யாராவது இருக்கிறார்களா என்று டீச்சர் வீடுவரை போய்க் கேட்டாள். எனக்கு எரிச்சல். 'என்ன ஆயிருக்கும், கல்யாணம் ஆயிருக்கும். போய்ப் படி' என்றேன். 'கல்யாணம் ஆனா கத முடிஞ்சுருமாண்ணே?' என்றாள். பாலிடெக்னிக்கில் எனக்கு இதற்கெல்லாம் பதில் சொல்லித்தரவில்லை. நீ சொல்.

பஃப் கை வைத்த ரவிக்கை, ரேடியோவில் பாட்டுக் கேட்பது, இந்த இரண்டுக்கும் பதில் எழுத மையை வீணாக்கமாட்டேன்.

இனி நான் சொல்லவந்தது.

மாப்பிள்ளை, உனக்கு ஒரு விஷயம் நினைவில்லையா? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா இருந்தவரை அப்பா வாசிப்பார். இப்போது வருகிற கடிதத்தையெல்லாம் வாசித்துக் காட்டுவது வள்ளி. நீ போன தீபாவளிக்கு எழுதியது, அதற்கு முன் பனியன் வேண்டும் என்று எழுதியது, எல்லாம் அவள் வாயால்தான் அம்மா காதுக்குப் போயிற்று. இந்தக் கடிதமும் அப்படித்தான்.

வியாழக்கிழமை தபால் வந்தது. நான் ஒட்டன்சத்திரம் பக்கம் லைன் வேலையில் இருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, 'மச்சான் என்னடி எழுதியிருக்கான், வாசி' என்றிருக்கிறது. அவளும் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்துவிட்டு வாசித்திருக்கிறாள். அம்மாதான் எனக்குச் சொன்னது: 'ஒரு வரி விடலடா. விட்டிருந்தா எனக்கு என்னா தெரியவா போகுது? ஊர்மேயிற கழுதன்னு எழுதியிருந்தான் பாரு, அந்த எடத்துல மட்டும் காயிதத்த வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடிச்சா. பெறகு அதையும் வாசிச்சுட்டா.'

அரையாண்டுப் பரீட்சையோடு படிப்பை நிறுத்து, தை மாதம் உனக்கும் அவளுக்கும் கல்யாணம், மாட்டோம் என்றால் அண்ணன் தங்கை உறவே வேண்டாம் என்று உன் அப்பா சொல்கிறார் என்று முடித்திருக்கிறாய். அம்மா பயந்துவிட்டது. பயப்படாமல் என்ன செய்யும்? எங்கள் அப்பா செத்த வருஷம், ரெட்டியார்சத்திரத்துக் காட்டில் எங்கள் நிலத்துக்கு ஏர் பூட்டி விதைத்தது உன் அப்பா. அந்த அண்ணன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதை என் அம்மாவால் நினைத்துப்பார்க்க முடியாது. உடனே பதில் எழுதச் சொல்லியிருக்கிறது. எழுதியது யார்? அவளேதான். 'நீ சொன்னபடியே செய்கிறோம். வள்ளியைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்திவிடுகிறோம்.' அவள் பேரை அவளே எழுதியிருக்கிறாள், யாரோ ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிற மாதிரி. அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை. அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. தபாலுக்குப் போகாது.

வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வைகை அணைக்கு எக்ஸ்கர்ஷன். உன்னுடைய ஏழாம் நம்பர் அதுதான். ஒரு மாதமாக எனக்குக் காது வலிக்கிறது. என்ன சோறு கட்டுவது, எந்த ரிப்பன், பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு. அங்கே மின்சாரம் எடுக்கவில்லை, பாசனத்துக்குத்தான் தேக்குகிறார்கள் என்று படம் போட்டு விளக்கினேன். 'கரண்டு கெடக்கட்டும்ணே, பூங்கா இருக்குல்ல?' என்றாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் தன் பேரை எடுக்கச் சொல்லிவிட்டாள். லைப்ரரிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாட்டுப் புத்தகங்களைக் கட்டாகக் கட்டி மெஹராஜிடம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து, 'அண்ணே, வள்ளிக்கு என்ன சீக்கு?' என்று கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது.

நேற்றுச் சாயந்திரம் சோதித்துப் பார்க்கலாம் என்று, 'படம் மாத்திட்டாங்க, புதுசு வந்திருக்கு, கெளம்பு' என்றேன். 'வேணாம்ணே' என்றாள். அழவில்லை. கோபமும் இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பதினோராயிரம் வோல்ட் லைனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன், பயம் என்பது எனக்கு அதிகம் கிடையாது. நேற்று பயந்தேன்.

அவள் பதினைந்து வயசுப் பிள்ளை. ரிப்பனும் படமும் கதைப் புத்தகமும் பஸ்ஸில் ஜன்னலோரமும் கேட்கிற வயசு அது. அந்த வயசில் நீ டூரிங் டாக்கீஸ் கூடாரத்துக்கு அடியில் நுழைந்து போனாய், நான் காவல் நின்றேன். நம்மை யாரும் கழுதை என்று எழுதவில்லை.

மாமா செய்ததை நான் மறக்கவில்லை. அவர் கூப்பிட்டால் நடுராத்திரியிலும் போய் நிற்பேன். ஆனால் அவர் ஏர் பூட்டியது தங்கச்சி வீட்டுக்கு. அதற்குப் பதிலாக வள்ளி என்று அன்று யாரும் பேசவில்லை. இன்றும் பேசவேண்டாம்.

மணி ஏழரை ஆகிறது. வாதாட ஒன்றுமில்லை, நான் செய்யப்போவதை மட்டும் எழுதிவிடுகிறேன்:

1. இன்று வேலை முடிந்ததும் தலைமை ஆசிரியை வீட்டுக்குப் போய் எக்ஸ்கர்ஷன் பட்டியலில் வள்ளி பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்வேன். சனிக்கிழமை விடியற்காலை நானே பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.

2. நாளை அவளை லைப்ரரிக்கு இழுத்துப் போவேன். வரமாட்டேன் என்றால் நானே போய் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துவந்து தப்பான கதையாகச் சொல்வேன். அது பொறுக்காமல் வாங்கிப் படிப்பாள்.

3. உன் கடிதத்துக்கு நான் எழுதிய இந்தப் பதிலைத் தபாலில் போடுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். வள்ளி அடுப்படியில் இருக்கும்போது, சத்தமாக.

4. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் மாமா காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, நேருக்கு நேராகச் சொல்வேன்: எஸ்.எஸ்.எல்.சி. முடிகிறவரை கல்யாணப் பேச்சு கிடையாது. திட்டினால் கேட்டுக்கொள்வேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். பேச்சை மாற்றமாட்டேன்.

5. அவள் படிப்பு முடிந்த பிறகு, உன்னைக் கட்டிக்கொள்ள இஷ்டமா என்று அவளிடமே கேட்பேன். என்ன சொன்னாலும் ஒரு எழுத்து மாற்றாமல் உனக்கு எழுதுவேன்.

6. அந்தப் பதில் எதுவாக இருந்தாலும், நீ லீவில் வருகிற அன்று கொடைரோடு ஸ்டேஷனில் உன் பெட்டியைத் தூக்க நான் நிற்பேன். ரயிலைவிட்டு இறங்கும்போது என்னைப் பார்க்காதது போலப் போய்விடாதே, மாப்பிள்ளை.

உடையப்பன்